ஒன்பதாம் நாள் குழாய்

கிச்சிப்பாளையத்தில் எங்கள் சந்துக்கு
மேட்டூர்த் தண்ணீர் ஒன்பது நாளைக்கு ஒருமுறை.
பத்தாகவும் ஆகும்.
அடுத்தது எப்போது என்று தெரியாத வீடு
கண்டதிலெல்லாம் பிடித்து வைக்கும்:
டிரம், அண்டா, பெயின்ட் வாளி,
பிறக்கப்போகும் பிள்ளைக்கு வாங்கி வைத்த
நீல பிளாஸ்டிக் தொட்டி.

ஊசி தொடங்கி மூன்றாம் மாதம்
என் உடம்பும் எங்கள் வீடாகிவிட்டது.
உப்பை விடாதே என்று
சிறுநீரகத்தின் காதில் மருந்து ஓதியிருக்க வேண்டும்.
உப்பு உட்கார்ந்த இடத்தில்
தண்ணீரும் வந்து உட்கார்ந்தது,
எழுந்து போகிற எண்ணமே இல்லாமல்.

தோள் ஏறிவிட்டது என்றார்கள்.
முகம் களையாகிவிட்டது என்றாள் அத்தை.
மோதிரம்தான் உண்மையைச் சொன்னது.
சோப்பு போட்டும் கழலவில்லை.
சாக்ஸ் கழற்றினால் கணுக்காலைச் சுற்றி
கயிறு கட்டிய தடம்.
தலைக்குள் ஒரு மோட்டார் ராத்திரி முழுக்க ஓடியது.

தனசீலன் மாஸ்டர் சிரித்தார்.
"தண்ணிடா அது.
கடைசி வாரம் புழிஞ்சுரலாம்."

புழிவது எனக்குத் தெரியாததல்ல.
சேகோ ஆலையில் எட்டு வருஷம்.
மரவள்ளியை அரைத்துத் தொட்டியில் விட்டால்
மாவு கீழே இறங்கும், தண்ணீர் மேலே தெளியும்,
மடையைத் திறந்துவிட்டால் முடிந்தது.
களத்தில் இரண்டு வெயில். காய்ந்துவிடும்.
ஆனால் கிழங்குக்கு
நெஞ்சு அடித்துக்கொள்வதில்லை.

இளவரசிக்கு அப்போது எட்டாம் மாதம்.
செக்கப்பில் நர்ஸ் அவள் காலில்
கட்டைவிரலை அழுத்தி எடுத்துப் பார்த்தாராம்.
வீட்டுக்கு வந்ததும் அதே விரலை
என் முழங்காலுக்குக் கீழே வைத்தாள்.
எண்ணினாள்.
"எனக்கு நாலுல மூடிடுச்சு. உங்களுக்கு ஏழு."
கொஞ்ச நேரம் பேசவில்லை.
"எனக்குப் புள்ளத்தண்ணி.
உங்களுக்கு என்ன தண்ணிங்க?"

போட்டிக்கு முந்தின இரவு.
விடிந்ததிலிருந்து ஒரு மடக்கு இல்லை.
மாஸ்டர் தந்த வெள்ளை மாத்திரைக்கு
பதினோரு தடவை எழுந்து போய் வந்திருந்தேன்.
நாக்கு செருப்புத் தோல்.
முன்கையில் நரம்பு
ஏற்காட்டுப் பாதை மாதிரி மேலேறியது.
இருபது கொண்டை ஊசி வளைவு.
எல்லாம் ஊசி.

இரண்டேகாலுக்குக் குழாய் இருமியது.
முதலில் காற்று. அப்புறம் துரு.
அப்புறம் அது.

இளவரசி கையூன்றி எழப் பார்த்தாள்.
நீ படு என்றேன்.
குடம் நிறையும் சத்தத்தை
அதுவரை நான் கேட்டதில்லை போலிருக்கிறது.
கீழ்க்குரலில் தொடங்கி
கழுத்துக்கு வர வர ஒல்லியாகி
விளிம்பில் சட்டென்று நிற்கிறது.
ஆறு குடம் அதைக் கேட்டேன்,
உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு.

ஏழாவதில் கெண்டைக்கால் முடிச்சு விழுந்தது.
பிறகு தொடை, பிறகு விரல்கள்,
ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் இழுத்துக்கொண்டன.
நெஞ்சு ஒன்றைத் தவறவிட்டு
இரண்டாய் அடித்தது.
குடம் எதிர்வீட்டு வாசல் வரை உருண்டது.
சந்தில் ஓடிய தண்ணீரில்
கன்னம் பதியக் கிடந்தேன்.
குடித்தேன் என்று சொல்லமாட்டேன்.
உதடு திறந்திருந்தது, அவ்வளவுதான்.

ஆனாலும் போனேன்.
எண்ணெய் பூசி, விளக்கடியில் நின்று,
மூன்றாம் பரிசு.
"கொஞ்சம் வாட்டர் தெரியுது" என்று
நடுவர் ஒருவர் குறித்திருந்தாராம்.

அன்று ராத்திரி சொம்பு சொம்பாய்க் குடித்தேன்.
நான்காம் நாள் தராசில் ஏழு கிலோ கூடுதல்.
இமை திறக்கவில்லை.
செருப்பு வாரில் கால் நுழையவில்லை.
போன் அடித்தது. மாஸ்டர். எடுக்கவில்லை.

இளவரசி பக்கத்தில் வந்து கால் நீட்டினாள்.
முதலில் தன் காலை அழுத்தினாள்.
மூன்று சொல்வதற்குள் மேடாகிவிட்டது.
பிறகு என்னுடையதை.
குழிக்குள் டியூப்லைட் வெளிச்சம்
ஒரு சொட்டு தேங்கி நின்றது.
எட்டு என்றாள். ஒன்பது என்றாள்.
அதற்கப்புறம் எண்ணவில்லை.

நாளைக்கே டாக்டரிடம் போகலாம் என்றாள்.
குழாய் வர இன்னும் ஐந்து நாள் இருந்தது.